நுரை அடங்கினால் எது தீர்ந்தது?

1

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. என் குரல் இப்போதெல்லாம் அடுத்த அறைக்கு எட்டுவதில்லை. ஒரு கதை சொல்லப் போகிறேன். இனிக்காது, கசக்கும். கசப்பை யாராவது பக்கத்தில் இருந்து ஊட்டினால் தொண்டையில் இறங்கிவிடும். அதற்காகத்தான் கூப்பிட்டேன்.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். அவளுக்கு அந்தப் பக்கம் முப்பதைத் தொடப்போகும் ஓர் ஆள், நல்ல உயரம், இரண்டு காலும் முழங்கால் வரை வெள்ளைத் துணிக்குள் இருந்தன. அவனுடைய செருப்பு ஜோடி அவள் மடியில் இருந்தது. போட முடியாத காலுக்குச் செருப்பு எதற்கு என்று எனக்குள் ஒரு கேள்வி.

அவன் சொன்னான்: "உங்க கணக்கு சரிதானாமே, அண்ணி."

குத்தினானா, தேற்றினானா? குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் மடியிலிருந்த செருப்பைத் திருப்பி வைத்தாள். பிறகு, எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டதற்கு அவன், "நுரை அடங்கிருச்சுன்னுதான் இறங்கினேன்" என்றான்.

இந்த இரண்டு வாக்கியந்தான் நிஜம். மீதி எல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: 'இரும்புக் கம்பிகளுக்குத் துரு எடுக்கும் அந்தப் பட்டறையின் தகரக் கூரை மேல் காலை வெயில்—'

விட்டுவிட்டேன். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

இரண்டாவது: 'அவள் கெட்டவள் இல்லை.'

அடித்துவிட்டேன். ஒருத்தியைக் கெட்டவள் இல்லை என்று ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் அந்த நிமிஷமே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான்.

மூன்றாவது: 'ஒரு சோடா, இரண்டு அமிலத்தைத் தின்னும்.'

இது நின்றது. ஆனால் இதற்கு அர்த்தம் சொல்ல நான் படித்திருக்க வேண்டுமே! வேதியியல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை; அது வரும் வகுப்பு வரைக்கும் நான் போகவில்லை. மாடி வீட்டுப் பெண் தூக்கிப்போட வைத்திருந்த பாடப்புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். எனக்குப் புரிந்ததை எனக்குத் தெரிந்த தையல் மொழியில் சொல்கிறேன். புரியாவிட்டால் தப்பு என் மேல், உங்கள் மேல் இல்லை.

ஒரு சட்டைக்கு உடல் ஒன்று, கை இரண்டு. நூறு உடல் இருந்தால் இருநூறு கை வேண்டும். இதில் எடைப் பேச்சே கிடையாது, எண்ணிக்கைதான். பொருள்கள் ஒன்றோடொன்று சேரும்போதும் இப்படித்தான் எண்ணிக்கை பார்த்துச் சேருமாம். துணி வெளுக்கிற சோடாவில் ஒரு துணுக்கு, அமிலத்தில் இரண்டு துணுக்கு. அந்தத் துணுக்குகள் கண்ணுக்கே தெரியாத பொடிசு. ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது. அதனால் 'மோல்' என்று பெரிய டஜன் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பொருளிலும் ஒரு மோல் என்ன எடை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சோடா ஒரு மோல் நூற்றாறு கிராம். அமிலம் ஒரு மோல் முப்பத்தாறரை. இரண்டு என்றால் எழுபத்து மூன்று. ஆக, தொட்டியில் எழுபத்து மூன்று கிலோ அமிலம் இருந்தால் அதைச் சாகடிக்க நூற்றாறு கிலோ சோடா வேண்டும். மிஞ்சுவது உப்பும் தண்ணீரும். வாயு ஒன்று நுரையாகப் பொங்கிப் போய்விடும்.

(எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதால்தான் பின்னால் இவ்வளவு கசந்தது.)

3

இனிக் கதை.

அவள் அந்தப் பட்டறையில் கெமிஸ்ட். அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நெட்டை என்பது அவள் வீட்டுக்காரரின் தம்பி. மாமியார் நச்சரித்து நச்சரித்துத்தான் கெமிஸ்ட் அவனை அங்கே சேர்த்துவிட்டாள். "உன் கண் பார்வையில இருப்பான், அது போதும் எனக்கு" என்று அத்தை சொன்னாள். அத்தைக்கு இளைய பிள்ளை என்றால் உயிர்.

துருப்பிடித்த கம்பிகளை அமிலத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். எடுத்து எடுத்து அமிலம் களைத்துப்போகும், அடியில் சேறு கட்டும். அப்போது தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். கெமிஸ்ட் ஒரு கரண்டி எடுத்துச் சோதித்து, மீதி எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்ப்பாள். அதற்கு எவ்வளவு சோடா என்று கணக்குப் போடுவாள். நெட்டை சோடாவை நிறுத்துக் கொட்டுவான். பால் பொங்குவது போல நுரை பொங்கும், பிறகு அடங்கும். சேறு அடைத்திருப்பதால் தண்ணீர் தானாக வெளியே போகாது. முழங்கால் ஆழத்துக்கு ஒருத்தர் ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கி, சேற்றை வாரிக் கொடுத்தால்தான் வழி விடும். உயரமான ஆள் என்பதால் அந்த வேலை நெட்டைக்கு விழுந்தது.

இறங்குவதற்கு முன்னால் ஒரு நிறத்தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். சிவந்தால் அமிலம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கெமிஸ்ட் ஆரம்பத்தில் தவறாமல் நனைத்தாள். ஒரு தடவைகூடத் தாள் சிவக்கவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தம். சிவக்காத தாளை எத்தனை நாள் நனைப்பது? விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கிடங்கில் தூள் சோடா இல்லை. கல் சோடாவைக் கொடுத்தனுப்பினார்கள். இரண்டுக்கும் சாக்கில் எழுதியிருப்பது சோடாதான். நெட்டை அவள் சொன்ன எடையை நிறுத்துக் கொட்டினான்.

அவள் பார்த்தாளா?

இந்த இடத்தில் ரொம்ப நாள் நின்றுவிட்டேன், கண்ணுகளா. முதல் பிரதியில் அவள் பார்க்கவில்லை. அப்போது மாடியில் இருந்தாள் என்று எழுதினேன். எழுதியதும் அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது, கதை செத்துப்போயிற்று. திரும்ப எழுதினேன். பார்த்தாள். படிக்கட்டில் நின்றபடி, சாக்கிலிருந்து கண்ணாடித் துண்டு மாதிரி மினுமினுவென்று விழுவதைப் பார்த்தாள். 'ஈரத்தில் கட்டி தட்டியிருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தது அரை நிமிஷம்கூட இருக்காது.

* கல் சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஒவ்வொரு சோடாத் துணுக்கோடும் பத்துத் தண்ணீர்த் துணுக்குகள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது, ஆனால் எடையில் இருக்கும். வரவேண்டிய ஆள் ஒருத்தர், கூட வந்தவர்கள் பத்துப் பேர். தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நூற்றாறு கிலோ கல்லில் சோடா நாற்பது கிலோகூட இல்லை. மற்றதெல்லாம் வெறும் தண்ணீர்.

4

நுரை பொங்கியது. அடங்கியது.

"அடங்கிருச்சு அண்ணி!"

"அப்ப இறங்கு. இனி அது வெறும் உப்புத் தண்ணிதான்."

"கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, கடலையே தொட்டிக்குள்ள கொண்டாந்துட்டீங்க!" என்றான் நெட்டை. வாய் ஓயாத பிள்ளை. புதுப் பூட்ஸ் அவன் குதிகாலைக் கடித்துத் தோல் வழன்றிருந்தது. அதற்கு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். சேறு வழுக்கிற்று. தொட்டித் தண்ணீர் பூட்ஸ் விளிம்பைத் தாண்டி உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் குரல் கொடுத்தான்.

"எரியுது அண்ணி."

அவள் கையிலிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

"புண்ணுல உப்புத் தண்ணி பட்டா எரியாம, குளுகுளுன்னா இருக்கும்? சோம்பேறி, வாருடா."

அவனும் சிரித்தான். சரிதானே? புண் இருக்கிறது, உப்பு இருக்கிறது, எரிகிறது. காரணம் பொருந்திவிட்டது. காரணம் பொருந்திவிட்டால் மனுஷன் எவ்வளவு எரிந்தாலும் தாங்கிக்கொள்வான். சேறு முழுவதையும் வாரி முடித்துவிட்டுத்தான் மேலே ஏறினான். பூட்ஸைக் கழற்றினார்கள்.

'பூட்ஸைக் கழற்றியபோது அவன் காலில்—'

வேண்டாம். நர்ஸ் கட்டுப் பிரித்தபோது நான் பார்த்தேன். நீங்கள் பார்க்க வேண்டாம்.

இங்கே தையல்காரியாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடுகிறது. உடலும் கையுமாகச் சேர்த்துத் தைக்கிறார்கள். திடீரென்று சத்தம் நின்றுபோகிறது. என்ன அர்த்தம்? உடல்கள் தீர்ந்திருக்கலாம். கைகள் தீர்ந்திருக்கலாம். சத்தம் நின்றது என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். எது தீர்ந்தது, எது குவியலாகத் தரையில் கிடக்கிறது என்பது எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். தொட்டியில் நுரை அடங்கியபோது எல்லோரும் அமிலம் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். தீர்ந்தது சோடா. அமிலம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு கைப்பிடி சோடாவை அள்ளி வீசியிருந்தால் மறுபடி பொங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். யாரும் வீசவில்லை.

5

மேனேஜர் அறை. கண்ணாடிக் கதவு, மேஜைமேல் கனமான ஒரு பேப்பர் வெயிட். கெமிஸ்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனாள். இதில் நான் அவள் பக்கம். நிச்சயமாக முடிவு செய்திருந்தாள்.

"உங்க கணக்க வெளியாள வெச்சுப் பாத்தாச்சும்மா. ஒரு புள்ளி பிசகல" என்றார் மேனேஜர்.

"கணக்கு தூளுக்குப் போட்டது சார். கொட்டினது கல்லு."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். கல்லக் கொட்டினது யாரு?"

"நானும் பாத்தேன் சார். கட்டி தட்டிருக்குன்னு நெனச்சுட்டேன்."

மேனேஜர் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாத்தேன்னு சொல்லாதீங்க. பாக்கல. நீங்க இங்க உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருந்தீங்க. கேளுங்கம்மா, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். கணக்கு தப்புன்னா பட்டறையே தப்பு. எடை தப்புன்னா ஒரு ஆள் தப்பு. ஆள மாத்திக்கலாம்."

"அந்த ஆளு என் கொழுந்தன் சார்."

"தெரியாமயா? அதனாலதான் கால் ஆறுற வரைக்கும் மருந்து மாத்திரை நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிருக்கோம். அதுக்கப்புறம் வேலைக்கு வர வேண்டாம்." பிறகு, தனக்குள் கேட்டுக்கொள்வது போல: "சரி, கல்லு தூளு அவனுக்குத் தெரியல. கால் எரியுறதுகூடவா தெரியல? எரிஞ்சா மேல ஏறி வரணும்னு அஞ்சு வயசுப் புள்ளைக்குத் தெரியும். இவன் கொஞ்சம் மந்தமோ?"

இங்கேதான், கண்ணுகளா. கல், தூள், எடை எல்லாவற்றையும் சொல்ல அவளுக்கு வாய் வந்தது. 'எரியுது அண்ணி என்று சொன்னான், நான்தான் சிரித்தேன்' என்று சொல்ல வரவில்லை. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி இந்த அறையில் நிற்கிறாள். இன்னொருத்தன் அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் பேசாமல் இருந்தாள். மேனேஜர் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்.

(இந்த அறையில் வேறு ஏதாவது நடந்ததாக எழுதலாமா என்று பார்த்தேன். 'அவள் வீட்டுக்காரர் மட்டும் அன்று கூட வந்திருந்தால்—' வந்திருந்தால் என்ன? அவரும் மேனேஜருக்குத் தலையாட்டியிருப்பார்.)

பாடப்புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் போட்ட எடையெல்லாம் அந்தப் பக்கம் வந்தாக வேண்டுமாம். எதுவும் காணாமல் போகாதாம், இடம்தான் மாறுமாம். படித்துவிட்டு நான் சிரித்தேன். சந்தோஷச் சிரிப்பு இல்லை. ஒரு பட்டறையின் தப்பு, ஒரு கெமிஸ்டின் தப்பு, ஒரு கிடங்குக்காரனின் தப்பு எல்லாம் ஒரு கிராம் குறையாமல் ஒரு நெட்டை ஆளின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறதே, இந்த விதியை யார் மீறினார்கள்? யாருமே மீறவில்லை.

6

'மந்தம்' என்ற சொல் அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு. நெட்டை நாற்காலியில், கால்களை முக்காலிமேல் நீட்டி. அண்ணன்காரர் தரையில். அத்தை சுவரோரம். கெமிஸ்ட் பரிமாறிக்கொண்டிருக்கிறாள்.

அத்தை சண்டைக்காரி இல்லை. மகன் காலைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, இப்போது விஷயம் தெரிந்துகொள்ள நினைக்கிறாள். அவ்வளவுதான்.

"ஏம்மா, நீ பக்கத்துலதான இருந்த. எரியும்போதே இவன் ஏன் ஏறி வரல? கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறான். உன்கிட்டயாச்சும் எரியுதுன்னு சொன்னானா, இல்லையா?"

கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது.

"நான் சொல்லவே இல்லம்மா" என்றான் நெட்டை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேலை முடியட்டும்னு இருந்துட்டேன்."

"எருமைத் தோலு! எரிஞ்சாலும் ஒறைக்காது, திட்டினாலும் ஒறைக்காது" என்றார் அண்ணன்காரர்.

நெட்டையும் சிரித்தான். அண்ணன்காரருக்கு அது போதும். அத்தைக்குப் போதவில்லை. அவள் இன்னும் மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மத்தியானத்துக்கு முன்னால் ஒரு நாள், யாரும் இல்லாத நேரம், கெமிஸ்ட் அவனிடம் கேட்டிருந்தாள். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்; வரிசை தப்பிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நான் சொன்னத ஏன் தம்பி யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி? உங்க வேலையும் போகும். அண்ணன் கைக்கு வர்றது வாடகைக்கே பத்தாது. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கலாம்னு சொல்றீங்களா?"

"அதுக்காக உன்ன மந்தம்ங்கறாங்களே."

"அது பாட்டுக்குச் சொல்லட்டும் அண்ணி." தலையணையைச் சரிசெய்துகொண்டான். "ஆனா நீங்க சொல்லாதீங்க."

எதைச் சொல்லாதே என்கிறான் என்று அவள் கேட்டாள். நடந்ததையா, அந்த வார்த்தையையா? அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டான்.

7

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சொல்லிவிடுகிறாள். "சொன்னான் அத்தை. நான்தான் சிரிச்சேன்." எழுதும்போது என் நெஞ்சு லேசாயிற்று. மறுநாள் படித்துப் பார்த்தால், லேசானது என் நெஞ்சும் அவள் நெஞ்சுந்தான். நெட்டை காத்துக் கொடுத்ததை அவள் தன் நிம்மதிக்காக உடைத்துப் போட்டுவிட்டாள். அத்தைக்கு ஒரு மகனின் காலும் போய், ஒரு மருமகளும் போனாள். அண்ணன்காரர் யார் பக்கம் சாப்பிட உட்காருவார்?

இரண்டாவதில் அவள், "ஆமா அத்தை, ஒண்ணும் சொல்லல" என்கிறாள். எல்லோரும் சாப்பிட்டு எழுகிறார்கள். வேலை நிற்கிறது, வாடகை நிற்கிறது, வீடு நிற்கிறது. நெட்டை மட்டும் ஆயுசுக்கும் அந்த வீட்டின் மந்தம். அவனுக்குப் பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட யாராவது ஒருத்தர் அதைக் கேள்விப்பட்டிருப்பார். அவனும் சிரிப்பான். அவள் பரிமாறிக்கொண்டேயிருப்பாள்.

மூன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். மேனேஜர் மனம் மாறுகிறார், கிடங்குக்காரன் வந்து ஒத்துக்கொள்கிறான் என்றெல்லாம். எழுதப் பேனா மறுத்துவிட்டது. அப்படிப்பட்ட மேனேஜரை நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு அவளைத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் சட்டிக்கு மேல் அந்தக் கரண்டியை நிறுத்தி வைத்ததே நான்தான்; இப்போது எப்படித் திட்டுவேன்? ஆகவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள். நெட்டை தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கெமிஸ்ட் வாயைத் திறந்துவிட்டாள். அதிலிருந்து எந்த வாக்கியம் வர வேண்டும் என்பதை நீங்கள் வையுங்கள். வைத்த பிறகு என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பாருங்கள், போதும்.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போன காலோடு வீடு திரும்பட்டும். உங்கள் வீட்டில் யாராவது எரிகிறது என்று சொன்னால், ஏன் எரிகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டு நிற்காமல், கையைப் பிடித்து முதலில் மேலே இழுக்கிற ஒருத்தராவது எந்நாளும் அங்கே இருக்கட்டும். நல்லா இருங்க.